மூக்கிலிருந்து மூளைக்கு வழி சொல்வது யார்?

அறிவியல் கேள்வி – பதில்

மணத்தை உணரும் ஏற்பிகளை, அதாவது மூக்கின் நரம்பு செல்களில் அமர்ந்து மணப்பொருளைப் பற்றிக்கொள்ளும் புரதங்களைப் பற்றி முந்தைய இதழில் எழுதியிருந்தோம். அதைத் தொடர்ந்து வந்த கடிதங்களில் பெரும்பாலானவை, அந்த ஏற்பிகளைத் தாங்கிய நரம்பு செல்கள் கருவளர்ச்சியின்போது மூளையோடு எப்படி இணைகின்றன என்பதையே கேட்டிருந்தன. அவற்றுள் சிலவற்றை இங்கே எடுத்துக்கொள்கிறேன்.

கேள்வி: கரு வளரும்போது எல்லா நரம்புகளும்தான் தமக்குரிய இடத்தைத் தேடிச் செல்கின்றன. முகர் நரம்பை மட்டும் தனியாக வியந்து பேசுவது ஏன்?

சிக்கல் எல்லா நரம்புகளுக்கும் பொதுவானதுதான். ஆனால் முகர் நரம்பில் அது மிகக் கடினமான வடிவத்தை எடுக்கிறது. பொதுவானதை முதலில் சொல்லிவிடுகிறேன். நரம்பு செல்லிலிருந்து வளர்ந்து நீளும் நரம்பிழையின் முனையில், விரித்த கைபோன்ற ஓர் அகன்ற பகுதி உண்டு. ஸ்பெயின் நாட்டு உடற்கூறியலாளர் சாந்தியாகோ ரமோன் இ காஹல் 1890இல் கோழிக் கருவின் தண்டுவடத்தில் இதைக் கண்டு, வளர்கூம்பு என்ற பொருள்படப் பெயரிட்டார். அவர் பார்த்ததோ சாயமேற்றிய உயிரற்ற திசு. அது உயிருடன் இருந்தபோது முட்டிமோதி முன்னேறியிருக்க வேண்டும் என்பது அவருடைய ஊகம். 1907இல் ராஸ் ஹாரிசன், தவளைக் கருவின் நரம்புத் திசுவை ஒரு துளி நிணநீரில் வளர்த்து, இழை உண்மையாகவே நீண்டு செல்வதைக் கண்ணால் பார்த்தார். வளர்கூம்பு, விரல் போன்ற நுண்நீட்சிகளை நாற்புறமும் நீட்டித் தடவிப் பார்க்கிறது. ஈர்க்கும் பொருள் தட்டுப்பட்ட பக்கத்து விரல் ஊன்றி நிற்கிறது. விலக்கும் பொருள் தட்டுப்பட்ட பக்கத்து விரல் சுருங்கிக்கொள்கிறது. ஊன்றிய விரல்களின் பக்கமாகக் கூம்பு நகர்கிறது. உடலின் எல்லா நரம்புகளும் இப்படித்தான் வளர்கின்றன.

இனி, கண்ணையும் மூக்கையும் ஒப்பிட்டுப் பாருங்கள். விழித்திரையில் அடுத்தடுத்து இருக்கும் இரண்டு செல்களின் இழைகள் மூளையிலும் அடுத்தடுத்தே போய்ச் சேர்கின்றன. அண்டை வீட்டார் ஊர்விட்டு ஊர் போனாலும் அண்டை வீட்டாராகவே குடியேறுவது போன்றது அது. வரிசை குலையாமல் பார்த்துக்கொண்டால் போதும். மூக்கில் அந்த வசதி இல்லை. சுண்டெலியின் மூக்கில் சுமார் 1,000 வகை ஏற்பிகள் இருக்கின்றன. ஒவ்வொரு முகர் செல்லும் அவற்றுள் ஒரே ஒரு வகையைத் தேர்ந்துகொள்கிறது. ஒரே வகையைத் தேர்ந்த சில ஆயிரம் செல்கள், மூக்கின் உட்சவ்வில் ஓர் அகன்ற பட்டைக்குள், பிற வகைகளுக்கு நடுவே அங்கொன்றும் இங்கொன்றுமாகச் சிதறிக் கிடக்கின்றன. இப்படிச் சிதறிக் கிடப்பவற்றின் இழைகள் எல்லாம், மூக்குக்கும் மூளைக்கும் இடையே உள்ள சல்லடை எலும்பின் துளைகள் வழியே மேலேறி, மூளையின் முன்புறத்தில் உள்ள முகர்குமிழை அடைந்து, பெரும்பாலும் இரண்டே இரண்டு நுண்ணுருண்டைகளில் ஒன்றுகூடுகின்றன. குமிழின் உட்பக்கத்தில் ஒன்று, வெளிப்பக்கத்தில் ஒன்று. குளோமெருலஸ் என்று ஆய்வாளர்கள் அழைக்கும் இந்த உருண்டைகள் சுண்டெலியின் ஒரு குமிழில் ஏறக்குறைய 1,800 இருக்கின்றன. இழை ஒவ்வொன்றின் தடிமனும் ஒரு மில்லிமீட்டரில் ஏறத்தாழ ஐயாயிரத்தில் ஒரு பங்குதான். பக்கத்தில் இருந்தவரை விட்டுப் பிரிந்து, எங்கோ தொலைவில் இருந்த தன் இனத்தாரோடு சேரவேண்டும் என்பதே இங்கே விதி. அதனால்தான் வியப்பு.

கேள்வி: ஒவ்வோர் இழையிலும் ஒரு வேதி முகவரி இருக்கிறது, அதே முகவரி மூளையிலும் எழுதப்பட்டிருக்கிறது, இரண்டும் பொருந்தும் இடத்தில் இழை நிற்கிறது என்று படித்திருக்கிறேன். அது போதுமான விளக்கம் இல்லையா?

நீங்கள் படித்தது அமெரிக்க நரம்பியலாளர் ரோஜர் ஸ்பெரியின் கருத்து. நீரிலும் நிலத்திலும் வாழும் சிற்றுயிர்களின் பார்வை நரம்பை அறுத்து, கண்ணைத் தலைகீழாகத் திருப்பிவைத்து அவர் சோதனை செய்தார். நரம்பு மீண்டும் வளர்ந்தது. ஆனால் அந்த விலங்கு, மேலே தெரியும் இரைக்குக் கீழே பாய்ந்தது. எவ்வளவு பழகினாலும் அந்தப் பிழை திருந்தவில்லை. அப்படியானால் இழைகள் பழக்கத்தால் இடம் கண்டுகொள்ளவில்லை, பழைய முகவரிகளையே தேடிப் போயிருக்கின்றன என்று அவர் முடிவுசெய்து, 1963இல் அதை ஒரு கோட்பாடாக வகுத்துச் சொன்னார். கண்ணைப் பொறுத்தவரை அதன் சாரம் இன்றும் நிற்கிறது.

முகர் நரம்புக்கு அதை அப்படியே பொருத்துவது எனக்குச் சரியாகப் படவில்லை. காரணம் ஒரு சோதனை. லிண்டா பக்கும் ரிச்சர்ட் ஆக்சலும் 1991இல் முகர் ஏற்பிகளின் மரபணுக் குடும்பத்தைக் கண்டறிந்தார்கள்; அதற்காக 2004இல் நோபல் பரிசு பெற்றார்கள். ஆக்சலின் ஆய்வகத்தில் பணியாற்றிய பீட்டர் மொம்பார்ட்ஸ், 1996இல் பி2 என்ற ஏற்பியின் மரபணுவோடு ஒரு நொதியின் மரபணுவையும் சேர்த்துவைத்த சுண்டெலிகளை உருவாக்கினார். பி2 ஏற்பியைத் தேர்ந்த செல்களில் மட்டும் அந்த நொதி உருவாகி, இழையின் நுனிவரை செல்லும். உரிய வேதிப்பொருளை ஊற்றினால் அவை மட்டும் நீலமாகும். அந்தப் படத்தைப் பார்த்தவர்கள் மறக்கமாட்டார்கள்: உட்சவ்வில் தூவிவிட்டாற்போன்ற நீலப் புள்ளிகள், அவற்றிலிருந்து கிளம்பும் நீலக் கோடுகள், அவை அனைத்தும் குமிழின் ஒரு பக்கத்து மேற்பரப்பில் நெருங்கி நெருங்கி ஒரே நீலப் பொட்டில் முடிவது.

அதே ஆய்வில் இன்னொன்றும் செய்தார்கள். பி2 மரபணு இருந்த இடத்தில் வேறோர் ஏற்பியின் மரபணுவைப் பொருத்தினார்கள். ஏற்பிக்கும் வழிக்கும் தொடர்பே இல்லையென்றால் இழைகள் பழைய இடத்துக்கே போயிருக்க வேண்டும். ஏற்பிதான் முழு முகவரி என்றால் புதிய ஏற்பிக்கு வழக்கமாக உரிய இடத்துக்குப் போயிருக்க வேண்டும். இரண்டும் நடக்கவில்லை. அவை மூன்றாவதாக ஓரிடத்தில் கூடின. ஆகவே ஏற்பி வழிசொல்வதில் பங்கெடுக்கிறது, ஆனால் அது மட்டுமே வழிசொல்வதில்லை. மணத்தை உணர்வதற்கென்று நாம் நினைத்திருந்த மூலக்கூறு, இழையின் பயணத்திலும் கைவைக்கிறது என்பதுதான் அன்று ஆய்வாளர்களை நிமிர்ந்து உட்காரவைத்த செய்தி. அந்த ஏற்பிப் புரதம் இழையின் நுனியிலும் இருக்கிறது என்பது பிற்பாடு உறுதியானது.

கேள்வி: ஏற்பி வழிகாட்டுகிறது என்றால், கருவிலேயே ஏதேனும் மணத்தை முகர்ந்தாக வேண்டுமே. எதை முகர்ந்து அது வழிகாட்டுகிறது?

எதையும் முகராமலே வழிகாட்டுகிறது என்பதுதான் விடை. டோக்கியோ பல்கலைக்கழகத்தில் ஹிட்டோஷி சகானோ தலைமையிலான குழு 2006இல் வெளியிட்ட ஆய்வு இங்கே திருப்புமுனை. ஏற்பிகளில் பல, மணப்பொருள் எதுவும் வந்து ஒட்டாதபோதும் கொஞ்சம் ‘கசிந்துகொண்டே’ இருக்கும். அதாவது செல்லுக்குள் சைக்ளிக் ஏஎம்பி என்ற சிறு மூலக்கூறை மெல்ல உண்டாக்கிக்கொண்டிருக்கும். இந்தக் கசிவின் அளவு ஏற்பிக்கு ஏற்பி வேறுபடும். கசிவு மிகுந்த செல், தன் இழையின் மேற்பரப்பில் நியூரோபிலின்-1 என்ற புரதத்தை மிகுதியாக வைத்துக்கொள்கிறது. அதன் இழை குமிழின் பின்பகுதிக்குப் போகிறது. கசிவு குறைந்த செல்லில் அந்தப் புரதம் குறைவு. அதன் இழை முன்பகுதியில் தங்கிவிடுகிறது. செல்லுக்குள் செய்தி அனுப்பமுடியாதபடி ஏற்பியின் ஒரு சிறு பகுதியை மாற்றிவிட்டபோது, இழைகள் குமிழின் முன்பகுதியில் அலைந்து, எந்த உருண்டையிலும் கூடாமல் போயின. அதே செல்களில் செய்தியை வேறு வழியில் செயற்கையாகத் தூண்டிவிட்டதும் அவை மறுபடி ஒன்றுகூடின. ஏற்பிகளின் கசிவு அளவே இழைகள் முன்னும் பின்னுமாகப் பிரிவதைத் தீர்மானிக்கிறது என்பதை அதே வழியில் 2013இல் வந்த ஆய்வு மேலும் உறுதிசெய்தது.

எனக்கு மிகவும் பிடித்த பகுதி இனிமேல்தான் வருகிறது. முன்பின் என்ற இந்த வரிசை, குமிழை அடைந்த பிறகு அமைவதில்லை, வழியிலேயே அமைந்துவிடுகிறது. நியூரோபிலின்-1 குறைவாக உள்ள இழைகள், அந்தப் புரதத்தை விலக்கக்கூடிய செமாஃபோரின்-3ஏ என்ற பொருளைத் தாமே தாங்கியிருக்கின்றன. ஆகவே ஒரே கற்றையில் சேர்ந்து போகும்போது இவை நியூரோபிலின்-1 மிகுந்த இழைகளை ஒதுக்கித் தள்ள, கற்றைக்குள்ளேயே நடுவில் ஒரு கூட்டமும் ஓரத்தில் ஒரு கூட்டமுமாக இழைகள் பிரிந்துகொள்கின்றன. முகர்குமிழே உருவாகாத மரபணு மாற்றச் சுண்டெலிகளில்கூட, ஒரே ஏற்பியைத் தாங்கிய இழைகள் தம்மைப் பிரித்துக்கொண்டு ஒன்றுசேர்கின்றன என்று 2003இல் வேறொரு குழு காட்டியிருந்தது. சேரவேண்டிய இடமே இல்லாதபோதும் கூட்டம் கூடிவிடுகிறது! குமிழில் எழுதிவைத்த வரைபடத்தைப் பார்த்து இழைகள் வருவதாக நினைத்திருந்தோம். வரைபடத்தின் பெரும்பகுதியை இழைகள் தம்முள் பேசித் தீர்த்துக்கொண்டு வருகின்றன.

மேல் கீழ் என்ற திசைக்கு வேறொரு முறை இருக்கிறது. அதில் ஏற்பியின் தலையீட்டைவிட, செல் உட்சவ்வில் எங்கே பிறந்தது என்பதே முக்கியம். உட்சவ்வின் மேற்பகுதியில் உள்ள செல்கள் முதலில் முதிர்ந்து, அவற்றின் இழைகள் முதலில் கிளம்புகின்றன. குமிழின் கீழ்ப்பகுதியில் ஸ்லிட் என்ற விலக்கும் பொருள் இருப்பதால், அதை உணரும் ரோபோ-2 புரதத்தைத் தாங்கிய இந்த முன்னோடிகள் மேற்பகுதியில் தங்குகின்றன. தங்கியவை சும்மா இருப்பதில்லை. செமாஃபோரின்-3எஃப் என்ற இன்னொரு விலக்கும் பொருளை அங்கே சுரக்கின்றன. பின்னால் வரும் இழைகள் அதற்குக் கூச்சப்படும் நியூரோபிலின்-2 புரதத்தைத் தாங்கியவை; எனவே மேலே இடமில்லை என்று கீழே இறங்குகின்றன. முந்தி வந்தவர் துண்டு போட்டு இடம்பிடித்த கதைதான்.

கேள்வி: மூளையின் இணைப்புகள் மரபணுக்களால் அமைகின்றனவா, பயன்பாட்டால் அமைகின்றனவா? முகர் நரம்பு இதில் எந்தப் பக்கம் சாட்சி சொல்கிறது?

இரண்டு பக்கமும் சொல்கிறது. மேலே சொன்ன கசிவும் விலக்கலும் இழையைச் சரியான வட்டாரத்தில்தான் இறக்கிவிடும். பக்கத்துப் பக்கத்து உருண்டைகளுக்குள் கலப்பில்லாமல் பிரிவதற்கு மின்துடிப்பு தேவைப்படுகிறது. துடிப்பு மிகுந்த செல் கிரெல்-2 என்ற ஒட்டும் புரதத்தை மிகுதியாகவும் கிரெல்-3 என்பதைக் குறைவாகவும் செய்கிறது. துடிப்பு குறைந்தது நேர்மாறாகச் செய்கிறது. ஒவ்வொன்றும் தன் இனத்தோடு மட்டும் ஒட்டும் தன்மையுடையது. எஃப்ரின்-ஏ என்ற குடும்பத்துப் புரதங்களோ வேறு வகை இழைகளை அருகில் வரவிடாமல் தள்ளுகின்றன.

இதை அழகாகக் காட்டிய ஒரு சோதனையைச் சொல்கிறேன். முகர் செல்லின் துடிப்புக்கு இன்றியமையாத ஓர் அயனி வாயிலின் (மின்னூட்டம் பெற்ற துகள்களை உள்ளே விடும் புரதத்தின்) மரபணு, சுண்டெலியில் எக்ஸ் குரோமோசோமில் இருக்கிறது. பெண் விலங்கின் ஒவ்வொரு செல்லிலும் இரண்டு எக்ஸ்களில் ஒன்று அணைந்துவிடுவதால், அந்த மரபணுவின் ஒரு பிரதி மட்டும் பழுதான பெண் சுண்டெலியின் மூக்கில், ஒரே ஏற்பியைத் தாங்கிய செல்களிலும் பாதி துடிக்கும், பாதி துடிக்காது. அவ்விரு பாதிகளின் இழைகளும் ஒரே உருண்டையில் சேரவில்லை. தனித்தனி உருண்டைகளாகப் பிரிந்தன. இதே வகைப் பெண் சுண்டெலிகளில் நாளடைவில் துடிக்காத செல்கள் அழிந்துபோயின என்பதும், ஒரு நாசித்துளையை அடைத்து மணம் புகாமல் செய்த பக்கத்தில் மட்டும் அவை தப்பிப் பிழைத்தன என்பதும் 2001இல் வெளிவந்த முடிவு. போட்டி இல்லாத இடத்தில் சோம்பேறிக்கும் வாழ்வு உண்டு.

கேள்வி: பூச்சிகளுக்கும் இதே ஏற்பாடுதானா?

இல்லை. பழ ஈயிலும் ஓர் ஏற்பி வகைக்கு ஓர் உருண்டை என்ற கட்டமைப்பு இருக்கிறது. ஏறக்குறைய 50 உருண்டைகள். ஆனால் அங்கே ஏற்பிக்கும் வழிக்கும் தொடர்பில்லை. ஏற்பியின் மரபணுவை நீக்கினாலும் இழை சரியான இடத்துக்கே போகிறது. மூளைக்குள் இருக்கும் அடுத்தகட்ட நரம்பு செல்கள் முன்கூட்டியே தம் கிளைகளை விரித்து இடங்களைக் குறித்துவைத்திருக்க, மூக்கிழைகள் பிறகு வந்து சேர்கின்றன. விளைவு ஒன்றுபோல் இருப்பதால் வழிமுறையும் ஒன்றாகத்தான் இருக்கும் என்று எண்ணிவிடக் கூடாது.

கேள்வி: உறவினர் ஒருவருடைய மகனுக்குப் பிறந்ததிலிருந்தே மணம் தெரியாது. பதினேழு வயதாகியும் பருவமடையும் அறிகுறிகள் தோன்றவில்லை. இரண்டுக்கும் தொடர்பு இருக்கலாம் என்று மருத்துவர் சொல்லியிருக்கிறார். மூக்குக்கும் பருவமடைதலுக்கும் என்ன தொடர்பு?

உங்கள் மருத்துவர் சரியான திசையில்தான் யோசிக்கிறார். பருவமடைதலைத் தொடங்கிவைக்கும் ஹார்மோனைச் சுரக்கும் செல்கள் மூளையின் அடிப்பகுதியான ஹைபோதலமஸில் வேலை செய்கின்றன. ஆனால் அவை அங்கே தோன்றியவை அல்ல. கருவில் மூக்கு உருவாகும் பகுதியில் தோன்றி, அங்கிருந்து மூளைக்குப் போகும் நரம்பிழைகளைக் கொடிக்கம்புபோலப் பற்றிக்கொண்டு ஊர்ந்து உள்ளே போகின்றன. இழைகள் வழியில் நின்றுவிட்டால், அவற்றைப் பற்றிக்கொண்டு வந்த செல்களும் நின்றுவிடும். 1989இல், இந்தக் குறைபாடு இருந்த 19 வார மனிதக் கரு ஒன்றை ஆராய்ந்தபோது, அந்தச் செல்கள் மூளைக்குள் நுழையாமல் மூக்குப் பகுதியிலும் சல்லடை எலும்பை ஒட்டியும் தேங்கிக் கிடந்தன. முகர்குமிழும் உருவாகியிருக்கவில்லை.

மணமின்மையும் பருவமடையாமையும் சேர்ந்து வருவதை 1944இல் பரம்பரைக் குறைபாடாக விவரித்த ஃபிரான்ஸ் கால்மனின் பெயரால் இது கால்மன் நோய்க்குறி என்று அழைக்கப்படுகிறது. இதற்குக் காரணமான மரபணுக்களில் முதலாவது 1991இல் எக்ஸ் குரோமோசோமில் கண்டுபிடிக்கப்பட்டது. அது உண்டாக்கும் புரதத்துக்கு அனோஸ்மின்-1 என்று பெயர். வேறு பல மரபணுக்களும் பின்னர் தெரியவந்தன. ஆய்வகச் சுண்டெலியில் அந்த முதல் மரபணுவே இல்லை என்பது ஒரு வேடிக்கை. சுண்டெலியை வைத்து எல்லாவற்றையும் விளக்கிவிட முடியாது என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டாம்.

மருத்துவரை மீண்டும் பாருங்கள். இரத்தத்தில் ஹார்மோன் அளவுகளையும் முகர்குமிழின் எம்ஆர்ஐ படத்தையும் பார்க்கச் சொல்வார்கள். ஹார்மோன் சிகிச்சையால் பருவ வளர்ச்சியைக் கொண்டுவர முடியும். பிற்காலத்தில் குழந்தைப்பேற்றுக்கும் வழிகள் உண்டு. மணமின்மைக்கு மட்டும் சிகிச்சை இல்லை. கூச்சத்தால் காலம் தாழ்த்துவதுதான் இதில் பெரிய இழப்பு, ஏனெனில் எலும்பின் வலிமையும் அந்த வயதில்தான் கூடவேண்டும்.

கேள்வி: முகர் செல்கள் வாழ்நாள் முழுவதும் புதிதாகப் பிறக்கின்றனவாம். அப்படியென்றால் அடிபட்டு மணமிழந்தவர்களுக்கு அது தானாகவே திரும்பிவிட வேண்டுமே?

செல்கள் புதிதாகப் பிறப்பது உண்மை. உட்சவ்வின் அடியில் உள்ள தாய்செல்கள், வெளிக்காற்றில் அடிபட்டு மடியும் முகர் செல்களுக்குப் பதிலாக வாரக்கணக்கிலும் மாதக்கணக்கிலும் புதியவற்றைத் தந்துகொண்டே இருக்கின்றன. புதிய இழைக்கு வழி எளிது. ஏனென்றால் பழைய இழைகள் போட்ட தடம் இருக்கிறது, தன் இனத்தார் கூடியிருக்கும் உருண்டையும் இருக்கிறது.

தலையில் அடிபட்டு மூளை குலுங்கும்போது, சல்லடை எலும்பைக் கடக்கும் இழைகள் ஒட்டுமொத்தமாக அறுந்துபோகலாம். அப்போது தடமும் போய்விடுகிறது. துளைகளில் வடு மூடிக்கொள்ளவும் கூடும். விலங்குகளில் முகர் நரம்பை முழுதாக அறுத்துப் பார்த்த ஆய்வுகளில் இழைகள் மீண்டும் குமிழை அடைந்தன. ஆனால் ஒரே ஏற்பியின் இழைகள் பல உருண்டைகளில் சிதறி அமர்ந்தன. மேலும், வரைபடத்தைச் சரியாக வரைவதற்கு ஒரு பருவம் உண்டு என்று சுண்டெலிகளில் 2014இல் வந்த இரண்டு ஆய்வுகள் காட்டின. பிறப்பையொட்டிய அந்தப் பருவத்தில் தவறான வழி போடப்பட்டுவிட்டால், பின்னால் பிறக்கும் செல்கள் அந்தத் தவறான வழியிலேயே தொடர்ந்து போகின்றன.

மணம் திரும்பிய சிலருக்குப் பழக்கமான பொருள்கள் கருகியது போலவோ அழுகியது போலவோ வீசுவதற்கு இத்தகைய இடம்மாறிய இணைப்புகள் ஒரு காரணமாக இருக்கலாம் என்று கருதப்படுகிறது. அது ஒன்றே காரணம் என்று நிறுவப்படவில்லை. கொரோனாவால் மணமிழந்தவர்களின் நிலை வேறு. அந்தத் தீநுண்மி பெரும்பாலும் தாக்கியது முகர் செல்களை அல்ல, அவற்றைத் தாங்கி நிற்கும் துணை செல்களை. இழைகளும் தடமும் தப்பியதால்தான் பலருக்குச் சில வாரங்களில் மணம் திரும்பியது.

கேள்வி: மூக்கிலிருந்து செல்களை எடுத்துத் தண்டுவடக் காயத்தில் வைக்கிறார்களாமே?

ஆம், முயன்றுவருகிறார்கள். முகர் இழைகளைக் கற்றைகற்றையாகப் பொதிந்து மூளைவரை கூட்டிச்செல்லும் உறைசெல்கள் உண்டு. உடலின் மற்ற இடங்களில், வெளிநரம்பு மூளைக்குள்ளோ தண்டுவடத்துக்குள்ளோ நுழையும் எல்லையில் வளரும் இழைகள் தடைபட்டு நின்றுவிடும். இந்த உறைசெல்கள் இருக்கும் இடத்தில் மட்டும் வாழ்நாள் முழுவதும் புதிய இழைகள் எல்லையைக் கடந்துகொண்டே இருக்கின்றன. அந்தத் திறனைத் தண்டுவடத்துக்குக் கடன் வாங்க முடியுமா என்பதே ஆய்வின் நோக்கம். எலிகளில் ஊக்கமூட்டும் முடிவுகள் வந்தன. மனிதர்களில் சிறு அளவில் நடந்த முயற்சிகளின் பலன் ஒன்றுபோல் இல்லை. இதை நடைமுறைச் சிகிச்சையாக விளம்பரம் செய்பவர்களிடம் இப்போதைக்குப் பணம் கொடுக்காதீர்கள்.